பம்ப் பண்ண பால் தண்ணியா நீலமா தெரியுது, இதுல சத்து இருக்குமா?

கோவை_பாப்பா_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பாப்பா பொறந்து நாலரை மாசம் ஆகுது, மொத குழந்தை. 26 வாரம் லீவுல டெலிவரிக்கு முன்னாடியே ஆறு வாரம் போயிடுச்சு, கால் ரெண்டும் அப்படி வீங்கி நிக்கவே முடியல, அதனால வர்ற திங்கக்கிழமை நான் வேலைக்குப் போயே ஆகணும். இதுவரைக்கும் பாப்பாவுக்கு தாய்ப்பால் மட்டும்தான், ஒரு சொட்டு தண்ணி கூட குடுத்ததில்ல.

போன வாரத்துல இருந்து பம்ப் பண்ணி பழகிட்டு இருக்கேன். காலைல எடுத்தா 110 மில்லி வரைக்கும் வருது, அதை ஃப்ரிட்ஜ்ல வச்சேன், சாயங்காலம் எடுத்துப் பாத்தா மேல மஞ்சளா ஒரு மெல்லிசு கோடு, கீழ முழுக்க அரிசி கழுவுன தண்ணி மாதிரி, லைட்டா நீலமா வேற தெரியுது. அத்தை அதைப் பாத்துட்டு "என்னம்மா இது, எருமைப்பாலைக் காய்ச்சினா எப்படி ஏடு கட்டுது, இது வெறும் தண்ணிப்பாலா இருக்குது, இதுல என்ன சத்து இருக்குதுன்னு குழந்தை நாள் பூரா பசி தாங்கும்"னு கேட்டாங்க. அவங்க கெட்ட எண்ணத்துல கேக்கல, பாப்பா மேல அவ்ளோ பாசம், ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி முழுக்க தூக்கமே வரல. மாட்டுப்பால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தி பகல்ல குடுக்கலாம்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டக்கா நாலு மாசத்துக்கு மேல தாய்ப்பால்ல சத்து கொறைஞ்சிரும், டப்பா பால் வாங்கிடுன்னு சொல்றாங்க.

பாப்பா பொறந்தப்போ 2.8 கிலோ, இப்ப 6.1. நான் சைவம், பால் தயிர் சாப்பிடுவேன், முட்டை இல்ல. ஒரு மாருக்கு அஞ்சு நிமிஷம்னு மொபைல்ல அலாரம் வச்சு மாத்தி மாத்திக் குடுக்குறேன், ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து அப்படியே பழகிடுச்சு.

என் கேள்வி இதுதான். என் பால்ல சத்து இருக்கா இல்லையான்னு டெஸ்ட் பண்ண ஏதாவது லேப் இருக்கா? நான் என்ன சாப்பிட்டா பால் கெட்டியாகும்? தயவு செஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க, திங்கக்கிழமைக்குள்ள முடிவு பண்ணனும்.

---

என்ஐசியு_அக்கா எழுதியது:

மொதல்ல அழாதம்மா, இதைப் படிச்சிட்டு பாப்பாவைத் தூக்கி மடில வச்சுக்கோ. 2.8-ல இருந்து நாலரை மாசத்துல 6.1 வந்திருக்கான்னா அந்த மூணே கால் கிலோ எதுல இருந்து வந்துச்சு? நீ தண்ணிப்பால்னு சொல்ற அதுல இருந்துதான். வேற எதுவுமே அவ வாயில போகலைன்னு நீயே எழுதியிருக்க.

நான் பதினாறு வருஷமா பச்சைக்குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், எடை கம்மியா பொறந்த குழந்தைங்களுக்கு அம்மாங்க பீச்சிக் குடுக்கற பாலை பாலாடைச் சங்குலயும் டியூப்லயும் குடுக்குறது தான் என் தினசரி வேலை, அதனால பாலோட நிறம் எத்தனை விதமா இருக்கும்னு எனக்கு மனப்பாடம். பொறந்த மொத மூணு நாலு நாள் சீம்பால், மஞ்சக்கலர்ல பிசுபிசுன்னு தேன் மாதிரி வரும், அந்த மஞ்சள் கரோட்டினால வர்றது, கேரட்டுக்கு நிறம் குடுக்கற அதே சரக்கு. கொஞ்சமாத்தான் வரும், ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன், ஆனா அதுல நோய் எதிர்ப்பு புரோட்டீனும் வைட்டமின் ஏவும் மண்டிக் கிடக்கும். அப்புறம் ரெண்டு வாரம் வரைக்கும் மாறிக்கிட்டே இருக்கும், பாலோட அளவு கூடும், லாக்டோஸ் சர்க்கரையும் கொழுப்பும் ஏறும், புரோட்டீன் இறங்கும். அதுக்கப்புறம் வர்றது வெள்ளையா, நீலம் கலந்த வெள்ளையாத்தான் இருக்கும், உலகத்துல எந்த ஊர் அம்மாவுக்கும் அப்படித்தான்.

ஏன் நீலம்? மாட்டுப்பால் எருமைப்பால் வெள்ளை வெளேர்னு இருக்கறதுக்கு கேசீன்னு ஒரு புரோட்டீன் காரணம், பாலைத் திரிச்சா பன்னீரா திரளுதே அதுதான். மாட்டுப்பால் புரோட்டீன்ல நூத்துக்கு எண்பது கேசீன், நம்ம பால்ல நாப்பது, ஆரம்பத்துல அதை விடவும் கம்மி. மிச்சம் பூரா சீக்கிரம் செரிக்கிற மோர்த்தண்ணி வகை புரோட்டீன். அதனால வெளிச்சம் ஊடுருவிப் போகும், கண்ணுக்கு தண்ணியாத் தெரியும். உங்க அத்தைகிட்ட நிதானமா இதைச் சொல்லிப் பாரு, கன்னுக்குட்டி ஒன்றரை மாசத்துல பொறந்த எடைக்கு ரெண்டு மடங்கு ஆகி துள்ளிக்கிட்டு ஓடணும், அதுக்கு 100 மில்லில 3.3 கிராம் புரோட்டீன் தேவைப்படுது. நம்ம குழந்தை ரெட்டிப்பாக அஞ்சு மாசம் எடுத்துக்கும், அதுக்கு 1 கிராம் போதும், அதுக்கு மேல குடுத்தா அந்த சின்ன கிட்னிக்குத்தான் பாரம். ஆனா லாக்டோஸ் பாரு, மாட்டுப்பால்ல 4.8 கிராம், தாய்ப்பால்ல 7 கிராம். மூளை வளர்றதுக்கு வேண்டிய பால்தாம்மா இது.

இப்ப அந்த மேல படிஞ்ச மஞ்சக் கோடு. அதுதாம்மா கொழுப்பு, உன் பால்ல உள்ள கலோரில பாதி அதுலதான் இருக்கு. கடைல வாங்குற நிறைய பாக்கெட் பாலை மெஷின்ல அடிச்சு கொழுப்பைப் பொடிப்பொடியா ஆக்கியிருப்பாங்க அதனால சட்டுன்னு பிரியாது, நம்ம பால் அப்படியே பிரியும். பாத்திரத்தோட சுவத்துல கூட ஒட்டிக்கும். அதனால குடுக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள பாட்டிலை வச்சு மெதுவா சுத்தி விடு, அந்தக் கோடு கரைஞ்சு பால்ல சேர்ற வரைக்கும். அதை விட்டுட்டு கீழ இருக்கறதை மட்டும் ஊத்திக் குடுத்தா சத்தைப் பாட்டில்லயே விட்டுட்டு வர்ற மாதிரி.

அடுத்தது அலாரம். அதை இன்னைக்கே நிறுத்து. ஒரே மாருல மொதல்ல வர்ற பால்ல கொழுப்பு கம்மி, போகப் போக ஏறும், கடைசில வர்றதுல மொத சொட்டை விட ரெண்டு மூணு மடங்கு கூட இருக்கும். நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு டாக்டர் இதைக் கண்ணாலயே காட்டுவாங்க, நூல் மாதிரி கண்ணாடிக் குழாய்ல பாலை எடுத்து ஒரு முனையை அடைச்சு ரத்தம் சுத்தற மெஷின்ல வச்சு சுத்துவாங்க, கொழுப்பு ஒரு பக்கம் வெள்ளையா ஒதுங்கி நிக்கும், ஸ்கேல் வச்சு அளந்துடலாம். ஒரே அம்மா, ஒரே மார், பத்து நிமிஷ இடைவெளி, ரெண்டு குழாயையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டு வேற வேற அம்மாவோட பாலுன்னு சத்தியம் பண்ணுவ. அதனாலதான் லேப் டெஸ்ட் வேணாம்னு சொல்றேன். எந்த நேரத்துப் பால், மார் எவ்ளோ நிறைஞ்சிருந்துச்சு, எத்தனாவது நிமிஷம் எடுத்தது, எல்லாத்துக்கும் ஒரு ஒரு நம்பர் வரும். காலைல அளவு நிறைய, கொழுப்பு கம்மி, சாயங்காலம் அப்படியே தலைகீழ். ஒரு சாம்பிளை வச்சு நீ இன்னும் ரெண்டு ராத்திரி தூங்காமக் கிடப்ப.

ஆனா இதைக் கேட்டுட்டு இன்னொரு பயத்தை ஏத்திக்காத, ஒரு நாள் பூராவும் கணக்குப் பாத்தா குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய கொழுப்பு போய்ச் சேந்துடும். ஒரு மாருல குடிச்சு அவளா விடற வரைக்கும் விடு, அப்புறம் அடுத்தது காட்டு, வேணும்னா குடிப்பா இல்லன்னா இல்ல. பம்ப் பண்ணும்போதும் பால் சுரப்பு கொறைஞ்ச உடனே நிறுத்தாம ரெண்டு நிமிஷம் மாரை மெதுவா அமுக்கி விட்டு கடைசிப் பாலையும் எடு.

மாட்டுப்பால் ஒரு வயசு வரைக்கும் வேணவே வேணாம். இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்ல, இருக்கறதும் ஒட்டாது, சில குழந்தைங்களுக்கு குடல்ல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கசியும். அதுல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தினா கலோரியும் பாதி, இப்ப யோசி எது தண்ணிப்பால்னு.

---

மதுரைக்காரி எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி ஆனா நான் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், நீங்க சைவம்னு போட்டிருக்கீங்க அதைப் பாத்ததும் மனசு பதறிடுச்சு. என் பையன் விஷயத்துல நடந்தது. என் பால் நல்லா வந்துச்சு, நிறைய வந்துச்சு, பையன் புசுபுசுன்னு குண்டா இருந்தான், எல்லாரும் கண்ணு பட்டுடும்னு பொட்டு வச்சாங்க. ஆறு மாசம் தாண்டினதும் சிரிக்கிறது கொறைஞ்சிச்சு, கூப்பிட்டா திரும்ப மாட்டான், குப்புற விழுந்துட்டு இருந்தவன் அதையும் நிறுத்திட்டான், படுத்த இடத்துலயே கிடப்பான். முடி செம்பட்டையா மெலிஞ்சு போச்சு, விரல் முட்டிங்க எல்லாம் கருத்துப் போச்சு, நான் வெயில்ல காட்டினதுல கருத்துடுச்சுன்னு நினைச்சு கடலைமாவு தேச்சுக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், அவர் சத்து டானிக் எழுதிக் குடுத்துட்டு சில குழந்தைங்க லேட்டாத்தான் வளரும்னு அனுப்பிட்டார், அதுல ஒரு மாசம் போச்சு, அந்த ஒரு மாசத்தை நினைச்சா இன்னைக்கும் நெஞ்சு அடைக்குது. அப்புறம் வேற ஒரு டாக்டரம்மா அவன் கை விரலைத் திருப்பிப் பாத்தாங்க, என்கிட்ட கேட்ட மொத கேள்வி "நீங்க என்ன சாப்பிடுவீங்க". நான் சைவம், எனக்கு பாலு காபில ஊத்தறதோட சரி, தயிரு பிடிக்காது, கல்யாணத்துக்கு அப்புறம் விரதம் வேற. எனக்கும் அவனுக்கும் வைட்டமின் பி12 டெஸ்ட் எழுதினாங்க (நரம்புக்கு வேண்டிய சத்து, அசைவத்துலயும் முட்டை பால்லயும்தான் இருக்கும்), எனக்கு 140, இருநூறுக்கு மேல இருக்கணுமாம், அவனுக்கு அதை விடக் கம்மி.

ஊசி போட ஆரம்பிச்சு நாலாவது நாள் என்னைப் பாத்து சிரிச்சான். இப்ப மூணு வயசு, நல்லா ஓடுறான். டாக்டரம்மா சொன்னது இதுதான், பி12 அம்மா உடம்புல இல்லன்னா பால்லயும் இருக்காது, குழந்தை கொழுகொழுன்னு இருக்கறதை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது. கோவை சிஸ், உங்களைப் பயமுறுத்த எழுதல, பாப்பா நல்லா இருக்கா, ஆனா நீங்க ஒரு தடவை உங்க பி12 பாத்துடுங்க. பாலை டெஸ்ட் பண்றதுக்குப் பதிலா உங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணுங்க.

---

சத்துக்கணக்கு எழுதியது:

மதுரைக்காரி சகோதரி எழுதினதுதான் இந்த விஷயத்துல ரொம்ப முக்கியம், நான் டயட்டீஷியன், அதை இன்னும் கொஞ்சம் விரிச்சு சொல்றேன்.

தாய்ப்பால் 100 மில்லில தண்ணி மட்டும் 87 கிராமுக்கு மேல, அதனால்தான் ஆறு மாசம் வரைக்கும் சித்திரை வெயில்லயும் குழந்தைக்குத் தனியா தண்ணி வேண்டாம்னு சொல்றோம். மீதில லாக்டோஸ் 7, கொழுப்பு மூணரை நாலு, புரோட்டீன் 1 கிராம், மொத்தம் 65-ல இருந்து 70 கலோரி. இதுல இன்னொரு பொருள் இருக்கு, குழந்தையால செரிக்கவே முடியாத சர்க்கரைச் சங்கிலிகள், லிட்டருக்கு 5-ல இருந்து 15 கிராம் வரைக்கும். செரிக்க முடியாததை எதுக்கு உடம்பு இவ்ளோ மெனக்கெட்டு செய்யுதுன்னு பாத்தா அது குழந்தையோட குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. புரோட்டீனோட அளவுக்கு சமமா, சில அம்மாங்களுக்கு அதை விட அதிகமாவே, பாக்டீரியாவுக்குன்னு சுரக்குது. நான் படிக்கும்போது இதைத் தெரிஞ்சிக்கிட்ட அன்னைக்கு எங்கம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன்.

இப்ப "நான் என்ன சாப்பிட்டா பால் கெட்டியாகும்" கேள்விக்கு வர்றேன். லாக்டோஸ், புரோட்டீன், கால்சியம், இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் ஆசிட் இதெல்லாம் நீங்க என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் பால்ல கிட்டத்தட்ட அதே அளவுதான். சாப்பாட்டுல இல்லன்னா உங்க எலும்புல இருந்து கால்சியத்தை உருவி பாலுக்குள்ள போட்டுடும் உடம்பு. பால் குடுக்கற மாசங்கள்ல எலும்போட அடர்த்தி கொஞ்சம் இறங்கும், நிறுத்தினப்புறம் திரும்ப ஏறிடும். சேலத்துல பொறந்த டாக்டர் சி. கோபாலன் 1950-கள்லயே ஏழைத் தாய்மாரோட பாலை ஆராய்ச்சி பண்ணினவர், அரைவயித்துக் கஞ்சி குடிக்கற அம்மாவோட பால்லயும் புரோட்டீன் பெருசா கொறையல, வைட்டமின்கள்தான் கொறைஞ்சு இருந்துச்சு. அந்த அம்மா தன்னைக் கரைச்சுத்தான் அதைக் குடுத்திருக்கா. அதனால தயவு செஞ்சு பால் கெட்டியாகணும்னு சாப்பிடாதீங்க, உங்க உடம்பு காலியாகாம இருக்கணும்னு சாப்பிடுங்க.

சாப்பாட்டைப் பொறுத்து ஏறி இறங்கறது எதுன்னா பி1, பி2, பி6, பி12, வைட்டமின் ஏ, அயோடின், அப்புறம் மீன்ல கிடைக்கற டிஹெச்ஏ கொழுப்பு. நம்ம ஊர்ல கல்லுப்பு பழக்கம் அதிகம், நீங்க வாங்கற உப்பு அயோடின் கலந்ததான்னு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. நீங்க முட்டையும் மீனும் இல்லாதவங்க, அதனால பி12 டெஸ்ட் கட்டாயம், கம்மியா இருந்தா மாத்திரையோ ஊசியோ டாக்டர் சொல்லுவார், பால் தயிர் மட்டும் வச்சு கொறைஞ்சதை ஈடு கட்ட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் போடணும், அது உங்களுக்காக. நிறைய பேர் குழந்தை பொறந்ததும் நிறுத்திடறாங்க.

எவ்ளோ சாப்பிடணும்னா ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 கணக்குப்படி மொத ஆறு மாசம் தினம் 600 கலோரி கூடுதல், அடுத்த ஆறு மாசம் 520. கேக்க பெருசா இருக்கும், உங்களுக்கு சைவத்துல சொல்றேன், ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு பெரிய கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் சுண்டல், அவ்ளோதான். இதைச் சாப்பிடாம ஆபீஸ் கேன்டீன்ல ஒரு டீயோட மதியத்தை ஓட்டிடாதீங்க.

"நாலு மாசத்துக்கு மேல சத்து கொறைஞ்சிரும்"னு பக்கத்து வீட்டக்கா சொன்னதுல பாதி உண்மை இருக்கு. புரோட்டீன் ஆரம்பத்துல ஒன்றரை கிராம் இருந்தது மெல்ல மெல்ல 1-க்கு கீழ வரும், துத்தநாகம் நல்லாவே இறங்கும். ஆனா அப்போ குழந்தை வளர்ற வேகமும் இறங்குது, மொத மூணு மாசம் ஒரு நாளைக்கு 25-30 கிராம் ஏறின குழந்தை அப்புறம் அப்படி ஏறாது. கொழுப்பும் லாக்டோஸும் கொறையாது. இரும்பு லிட்டருக்கு அரை மில்லிகிராம் கூட இருக்காது, ஆனா அதுல பாதி வரைக்கும் உடம்புல ஒட்டும், அதோட பொறக்கும்போதே குழந்தை ஈரல்ல ஆறு மாசத்துக்கு இருப்பு வச்சிருக்கு. அந்த இருப்பு தீர்ற நேரத்துலதான் கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை, சாப்பிடற வீடா இருந்தா முட்டை, ஈரல் எல்லாம் ஆரம்பிக்கறோம். ஆரம்பிச்சப்புறமும் ஒரு வயசு வரைக்கும் பாதி சக்தி தாய்ப்பால்ல இருந்துதான், ரெண்டாவது வயசுல மூணுல ஒரு பங்கு. அது எப்பவுமே வெறும் தண்ணியாகாது.

---

புது_அப்பா_சென்னை எழுதியது:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எங்களுக்கு பையன் பொறந்து மூணு வாரம். தாய்ப்பால்ல எல்லாமே இருக்குன்னா டாக்டர் எதுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க? வீட்ல பெரியவங்க வேணாம்னு எடுத்து வச்சுட்டாங்க.

---

என்ஐசியு_அக்கா எழுதியது:

குடுங்க தம்பி, எடுத்து வைக்காதீங்க. தாய்ப்பால்ல கம்மியா இருக்கறதுல ஒண்ணு வைட்டமின் டி, இன்னொண்ணு வைட்டமின் கே. கே-க்கு பொறந்த உடனே தொடைல ஊசி போட்டிருப்பாங்க. டி-யை வெயில்ல இருந்துதான் உடம்பு செஞ்சுக்கணும், நம்ம குழந்தைங்களைத் துணியில சுத்தி உள்ரூம்ல வச்சிருக்கோம், அம்மாவுக்கும் வெயில் படறதில்ல, அப்ப பாலுக்கு எங்க இருந்து வரும். ஒரு நாளைக்கு 400 ஐ.யு., ஒரு வயசு வரைக்கும். ஒண்ணு மட்டும் கவனமா பாருங்க, சில மருந்து ஒரு மில்லிக்கு 400, சில மருந்து ஒரு மில்லிக்கு 800, அட்டைப்பெட்டியைப் படிச்சுட்டு எத்தனை மில்லின்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பாட்டில் தீர்ந்து வேற கம்பெனி வாங்கும்போதுதான் தப்பு நடக்குது.

---

தூத்துக்குடி_ஆச்சி எழுதியது:

என் பேத்தி போன்ல படிச்சுக் காட்டினா, நான் சொல்லச் சொல்ல அவளே டைப் பண்ணுதா. எனக்கு 67 வயசு, நாலு பெத்தேன். எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்கு பால்சுறா புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி எல்லாம் செஞ்சு குடுப்போம். இந்தப் பிள்ளைங்க சொல்லுதத பாத்தா அது பாலுக்கு இல்லாட்டியும் அவ உடம்புக்கு ஆகுதுல்ல, அது போதும் எனக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்கு மூத்தவ பொறந்தப்போ மொத மூணு நாள் வந்த மஞ்சப்பாலை கெட்டபாலுன்னு பீச்சி சுவத்துல விடச் சொன்னாவ. பிள்ளைக்கு சீனித்தண்ணியும் தேனும் சேனை வச்சாவ. எனக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கல, பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்னு அரை டம்ளர் வெந்நிதான் ஒரு நாளைக்கு, உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. பிள்ளை கத்துது எனக்கு மாரு கட்டி கல்லு மாதிரி இருக்கு, பிள்ளையை வாங்கி மாருல போடவும் விடல. அந்தப் பால்லதான் அவ்வளவு இருந்துச்சுன்னு இந்த நர்சம்மா எழுதினதைக் கேக்கையில எனக்கு கண்ணு நெறைஞ்சிட்டு. சொல்லுததுக்கு அன்னைக்கு எனக்கு யாரும் இல்ல. கோவைப் பிள்ளைக்குச் சொல்லுதேன், உன் மாமியா மேல கோவப்படாத, அவளுக்கும் யாரும் சொல்லிருக்க மாட்டாவ. பக்கத்துல உக்கார வச்சு காட்டு.

---

என்ஐசியு_அக்கா எழுதியது:

ஆச்சி, உங்க காலத்துல வார்டுல நாங்களும் சரியாச் சொல்லல, சீம்பாலை ஊத்தறதைப் பாத்துட்டு சும்மா போன நர்சுங்க இருந்திருக்காங்க. இன்னைக்கு சிசேரியன் ஆன அம்மாவுக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ள குழந்தையை மாருல போட்டுடறோம். தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தொட்டுக் கூட வைக்கக் கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமி குழந்தையோட குடல்ல விஷத்தை உண்டாக்கி உடம்பைத் தளர வச்சிடும்.

கோவைப் பொண்ணு, ஆபீஸ் விஷயம் ரெண்டு வரி. பால் எடுத்ததும் உடனே ஃப்ரிட்ஜ், இல்லன்னா ஐஸ்பேக் போட்ட பை. 25 டிகிரிக்குள்ள இருந்தா நாலு மணி நேரம் தாங்கும், நம்ம ஊர் ரூம்ல அந்த 25 எங்க இருக்கு, அதனால வெளில வைக்கற பழக்கமே வேணாம். ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா வச்சா நாலு நாள், கதவுல வைக்காதே. ஒரே நாள்ல எடுத்ததெல்லாம் ஆறவச்சு ஒண்ணாச் சேத்துக்கலாம், காலைப்பாலும் சாயங்காலப்பாலும் கலந்துட்டா கொழுப்பு ஒரே சீரா ஆகிடும். அடுப்புல காய்ச்சாதே, மைக்ரோவேவ் வேணாம். நீ இல்லாதப்போ அத்தையைப் பாலாடைல குடுக்கச் சொல்லு, பாட்டில்ல பழகினா சில குழந்தைங்க மாருல குடிக்க அடம் பிடிக்கும். பஸ்ல வந்து போற வேலைன்னா பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறை இருக்கு, 2015-ல திறந்ததுல இருந்து இருக்கு, பூட்டி இருந்தா நேரக் காப்பாளர்கிட்ட சாவி கேளு, கேக்கறதுல தப்பே இல்ல.

தினம் ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போறாளா, மாசா மாசம் எடை வளர்ச்சி அட்டைல அவளோட கோட்டை ஒட்டி ஏறுதா, முகம் பாத்து சிரிக்கிறாளா, இதுதான் உன் பாலுக்கான லேப்.

---

கோவை_பாப்பா_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வேலைக்குப் போய் ஒரு வாரம் ஆச்சு அதான் லேட்டு.

ஆச்சி சொன்ன மாதிரியே செஞ்சேன். சனிக்கிழமை பம்ப் பண்ணும்போது மொத ரெண்டு நிமிஷத்துப் பாலைத் தனியா ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தினேன், கடைசியா மாரை அமுக்கி விட்டு எடுத்ததை இன்னொரு டம்ளர்ல, ரெண்டையும் மூடி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலைல அத்தையைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல காட்டினேன். மொத டம்ளர்ல நூல் மாதிரி கோடு, ரெண்டாவதுல அரை விரல்கடைக்கு வெண்ணெய் மாதிரி மஞ்சளா நின்னுச்சு. அத்தை டம்ளரைக் கைல வாங்கி சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தாங்க, ஏடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுது. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்ப எதுக்குடி அஞ்சு நிமிஷத்துல பாப்பாவை இழுத்து மாத்திட்டு இருந்த"ன்னு என்னையே திட்டினாங்க. அலாரத்தை அவங்க முன்னாடியே அழிச்சேன்.

இப்ப பகல்ல அவங்கதான் பாலாடைல குடுக்கறாங்க, வெந்நில வச்சு அந்தக் கோடு கரையுற வரைக்கும் சுத்தறாங்க, பொறுமையா, என்னை விட நல்லா செய்றாங்க. கடைசில பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல ஒட்டியிருக்கான்னு பாக்குறாங்க. ஆபீஸ்ல ரெண்டு தடவை எடுக்கறேன், ஸ்டோர் ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக் குடுத்திருக்காங்க. வேர்க்கடலை டப்பா டேபிள்லயே இருக்கு.

மதுரை சிஸ், நேத்து பி12-க்கு ரத்தம் குடுத்துட்டேன், அத்தையும் குடுத்தாங்க, அவங்களுக்கும் கை கால் மரத்துப் போகுதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, நான்தான் காதுல வாங்கல. புதன்கிழமை ரிசல்ட் வரும், வந்ததும் இங்கயே போடுறேன்.